காதுகுத்து பேனரில் மாமன் படம்

டில்லிபாபு பெயரை எடுத்தாலே எங்கள் சந்தில் எல்லோரும் அந்தக் காதுகுத்து பேனரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசிவிட்டுச் சிரிக்கிறார்கள். டீக்கடையில் நின்று சிரிக்கிறார்கள், ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்குக் கையில் இருக்கிற கத்திரிக்கோலை விட்டெறியலாம் போலிருக்கிறது. இவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். அந்த பேனரின் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தவளே நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் நாஸியா. உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை டில்லிபாபுவுடையது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடுக்கு. குனிந்துதான் உள்ளே போகவேண்டும், உட்கார்ந்த பிறகுதான் நிமிரலாம். பேனர் டிசைன் பண்ணுவது அவன் தொழில். பிறந்தநாளோ கல்யாணமோ மஞ்சள் நீராட்டோ சாவோ, கோடம்பாக்கத்திலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் அவனைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

ஏன் தேடி வந்தார்கள் என்றால், யார் முகத்தை எங்கே வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். விசேஷ பேனர் என்றால் சொந்தக்காரன், சினேகிதன், தெருக்காரன் என்று அத்தனை பேர் மூஞ்சியும் அதில் வந்தாகவேண்டும். யார் மேலே, யார் கீழே, யார் பெரிசு, யார் சின்னது என்பதில் வெட்டுக்குத்து வரைக்கும் போவார்கள். பெரியப்பாவைச் சின்ன வட்டத்துக்குள் போட்டுவிட்டால் அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விடுவார். இதில் செத்துப்போனவர்களுக்கு என்று உச்சியில் ஒரு வரிசை உண்டு. அவர்கள் படத்தைச் சுற்றி மாலை இருக்கும், படத்துக்குக் கீழே ஒரு விளக்கு எரியும். மாலையை உயிரோடு இருக்கிற பெரியவர்களுக்கும் போடுவது உண்டு, அதனால் அந்த விளக்கை வைத்துத்தான் ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள். எழுதிப் போட வேண்டிய அவசியமே இல்லை.

முன்பெல்லாம் அவனிடம் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அவன் சேரில் உட்கார்ந்து வேலை செய்வான், முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கும். இடுக்கில் இடம் போதாமல் பாதிப்பேர் என் கடை வாசலிலிருந்து கழுத்தை நீட்டுவார்கள். "எங்க சித்தப்பாவ இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா" என்று ஒருத்தர் சொல்வார். "அவன் எங்க வூட்டோட பேசறதே இல்ல, அவன எட்த்துடு" என்று இன்னொருத்தர் சொல்வார். சண்டை நடக்கும், அழுகை நடக்கும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து முழு பேனரையும் ஒன்றாகப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் பிரிண்டுக்குப் போகும். இந்தக் கும்பலில் என் கடைக்கு வருகிற பெண்கள் அளவு கொடுக்கவே கூச்சப்படுவார்கள். நான் அவனைத் திட்டாத நாள் கிடையாது.

ஒரு கார்த்திகை மாசத்து மழையில் சந்துக்குள் தண்ணீர் வந்தது. என் மெஷினைத் தூக்கி டேபிள் மேல் வைத்தேன், பிழைத்தது. அவனுடைய சிபியு தரையில் இருந்தது. பாவம், ஒரு ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்தது. சர்வீஸ்காரன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக் கையில் கொடுத்துவிட்டான். கொஞ்ச நாள் டில்லிபாபு கடைப்பக்கமே வரவில்லை. வந்தபோது கக்கத்தில் சிலேட்டு மாதிரி ஒரு டேப், விரலால் தொட்டு வேலை செய்கிற டேப்லெட், இருந்தது.

"இனிமே கம்ப்யூட்டர் இன்னாத்துக்குக்கா?" என்றான். "அந்தப் பொட்டியும் வயரும் பாதி கடைய அடச்சிகினு கெடந்துச்சு. இப்ப எல்லாம் இதுக்குள்ள கீது. மழ வந்தா தலைக்கு மேல தூக்கிகினு ஓடிடுவேன்."

"இத்தனூண்டு கண்ணாடியில பத்தடி பேனர் எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வெரல வச்சி இழுத்தா போதும். மூக்கு மேல கீற மச்சம்கூட சோக்கா தெரியும், பாரு."

மச்சம் தெரிந்தது, வாஸ்தவம்தான். எல்லோரிடமும் வாய் கிழிய இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்து, "இன்னுமா சார் இந்த டப்பாவ வச்சிகினு மாரடிக்கிறீங்க?" என்று கலாய்த்தான். மாம்பலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டே ஒரு கல்யாண பேனரை முடித்ததாகப் பீற்றிக்கொண்டான். குடும்பங்கள் கடைக்கு வருவதும் நின்றுபோனது. டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்புவான், அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், பிரிண்டுக்குப் போய்விடும். என் கடை வாசல் காலியானது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இந்த டேப்பில் ஒரு நல்லதும் நடந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் அசோகனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அசோகன் டில்லிபாபுவின் மச்சான், அவன் மனைவி ரத்னாவுக்கு அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர். அப்பா அம்மா போன பிறகு ரத்னாவை வளர்த்ததும், டில்லிபாபுவுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தங்கச்சிக்குப் பார்த்துப் பார்த்தே அவருக்குக் கல்யாண வயசு போய்விட்டது. ரத்னாவுக்கு மகள் தமிழ்நிலா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஆடின ஆட்டத்தைப் பார்த்து செக்யூரிட்டி விரட்டினானாம். அப்படிப்பட்டவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. அடையாற்றில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் டில்லிபாபுதான் கூடப் போனான். அவர் உள்ளே மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்க, இவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டேப்பில் வேலை பார்ப்பான். பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் ஒன்று தொழிலைப் பார்த்திருக்கவேண்டும், இல்லை மச்சானைப் பார்த்திருக்கவேண்டும். இது அவனை இரண்டையும் பார்க்கவைத்தது. அந்த அளவில் நான் அந்தக் கண்ணாடியைக் குறை சொல்லமாட்டேன்.

ஒரு நாள் டாக்டர் டில்லிபாபுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மருந்து கேட்கவில்லை, பரவிவிட்டது, அடுத்த பொங்கலைப் பார்ப்பது கஷ்டம் என்று சொன்னார். அவன் வெளியே வந்து ரத்னாவுக்கு போன் போட்டான். அவள் போனிலேயே அழுதுவிட்டு, அழுது முடித்ததும் இரண்டு காரியம் சொன்னாள். ஒன்று, அண்ணனுக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவார். இரண்டாவது, குழந்தைக்கு உடனே காது குத்தவேண்டும். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமன் மடி இருக்கும்போதே நடந்துவிடவேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் டில்லிபாபு என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

அசோகன் திடீரென்று ஏன் இந்த அவசரம் என்று கேட்டபோது, ஆடி வந்தால் தள்ளிப்போய்விடும் என்று ரத்னா சொல்லிச் சமாளித்தாள். அவரும் நம்பிவிட்டார். கம்மலுக்குத் தங்கம், பட்டுப் பாவாடை, சீர்த்தட்டு என்று ஆளே மாறிப்போனார். என்னிடம் வந்து, "பாப்பாவுக்குப் பாவாட சட்ட நீதான் தைக்கணும், கை பஃப்பு வச்சி" என்று நின்றார். சட்டை காலர் கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி தொங்கியது, அப்படி இளைத்திருந்தார். நான் தலையைத் தூக்காமல் துணியையே பார்த்துக்கொண்டு அளவு எழுதினேன். ஒருத்தருக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு அவர் எதிரில் நிற்பது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. காது குத்தி முடிகிறவரை இது இப்படியே இருந்தாகவேண்டும். அவ்வளவுதான் ரத்னா கேட்டது.

பேனரை டில்லிபாபு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்தான். சொந்த மகள் விசேஷம், மச்சானுக்குக் கடைசி சந்தோஷம், ஊர் பார்க்கிற மாதிரி செய்யவேண்டும் என்று நினைத்தான். உச்சியில் வலது பக்கம் ரத்னாவின் அப்பா படத்தை வைத்தான். செத்தவர் என்பதால் மாலையும் விளக்கும் போட்டான். இடது பக்கம் அதே உயரத்தில், அதே அளவில், அசோகனை வைக்க ஆசைப்பட்டான். மாமனாருக்குச் சமமாக மச்சான். புதிதாக ஒரு வட்டம் வரைந்து மாலை சுற்ற நேரமாகும் என்று மாமனார் படத்தை அப்படியே காப்பி எடுத்து இடது பக்கம் ஒட்டினான். உள்ளே முகத்தை மட்டும் மாற்றினான். முகத்தை வெட்டிப் பொருத்துவதற்காக இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தான். கண்ணாடி முழுக்க அசோகனின் முகம்தான் இருந்தது. காது, மீசை, நெற்றி எல்லாம் சுத்தமாக வெட்டினான். காப்பியோடு சேர்ந்து வந்த விளக்கு கண்ணாடிக்கு வெளியே கீழே இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போனில் முழு பேனரும் உள்ளங்கை அளவுதான் இருந்தது. சுற்றிலும் தங்கக் கலரில் பூ, மணி, தோரணம். அதற்கு நடுவே மஞ்சள் பொட்டு மாதிரி இருந்த விளக்கு யார் கண்ணில் படும்? அவரவர் இரண்டு விரலை வைத்து அவரவர் மூஞ்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "என் கன்னம் ஏன் இப்டி கீது?" என்று ஒருத்தர் கேட்டார். "என்ன எங்க அவன் பக்கத்துல போட்ட?" என்று இன்னொருத்தர் கேட்டார். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. இவண் என்று போட்ட வரிசையில் என் படம் இருந்தது, தாடை ரெட்டையாகத் தெரிகிறது என்று சண்டை பிடித்தேன். ரத்னா மட்டும் அண்ணன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன் ராஜா மாதிரி கீது" என்று குரல் செய்தி அனுப்பினாள். டில்லிபாபு பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டான்.

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு அம்மன் கோயில், அதை ஒட்டிச் சின்ன மண்டபம். விசேஷத்தன்று காலையில் நான் போனபோது பிரிண்டிங் ஆட்கள் பேனரை வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். டில்லிபாபு கோயிலில் குழந்தைக்கு மொட்டை அடிக்கிற இடத்தில் இருந்தான். ரத்னா பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி என் ரெட்டைத் தாடையைத் தேடித்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

அல்லாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பத்தடி பேனரில் அந்த விளக்கு என் முழங்கை நீளத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. வலது பக்கம் அப்பா, இடது பக்கம் மகன். இருவருக்கும் ஒரே மாலை, ஒரே விளக்கு. நடுவில் எதுவும் தெரியாமல் சிரிக்கிற குழந்தை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கோயிலுக்குள் ஓடி, அப்புறம் ஞாபகம் வந்து வெளியே வந்து கழற்றிவிட்டு மறுபடி ஓடினேன். "டேய் டில்லி, வாடா வெளிய, ஜல்தி வா" என்று கத்தினேன். அவன் மொட்டைத் தலையில் சந்தனம் தடவின குழந்தையை ரத்னாவின் சித்தியிடம் கொடுத்துவிட்டு வந்தான். நான் வாசலைக் காட்டினேன். அவன் பார்த்தான். நான் எதையும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, அவன் முகத்திலிருந்த ரத்தம் அப்படியே இறங்கிப்போனது. "அவுரு வந்துகினு கீறாருக்கா" என்று மட்டும் சொன்னான்.

வந்துகொண்டுதான் இருந்தார். தெருமுனையில் பேண்டு சத்தம் கேட்டுவிட்டது. முன்னால் பேண்டு, பின்னால் சீர்த்தட்டோடு பெண்கள், நடுவில் பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாக அசோகன். நடக்க முடியாமல் நடந்தார், ஆனால் சிரித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கக் கம்பத்துக்கு ஓடினோம். கம்பத்தோடு கயிறு போட்டு எத்தனை முடிச்சு முடிந்திருந்தார்களோ சண்டாளர்கள், நகம் உடைந்ததே தவிர முடிச்சு அவிழவில்லை.

பேண்டு வாசலில் வந்து நின்றது. பேண்டுக்காரன் ஒருத்தன் பேனரைப் பார்த்துவிட்டு அசோகனைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டான். ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். தட்டு தூக்கி வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்னா மண்டபத்துக்குள்ளிருந்து ஆரத்தித் தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தவள், எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். தட்டிலிருந்த தண்ணீர் அவள் புடவை மேலேயே கொட்டிவிட்டது.

"யோவ்!" என்றாள். "இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

டில்லிபாபு கயிற்றைப் பிடித்தபடி உளற ஆரம்பித்தான். "டேப்புதான் ரத்னா. டேப்பு பண்ண வேல. கம்ப்யூட்டர்னா தெரிஞ்சிருக்கும். ஸ்க்ரீனு சின்னது, கீழ கீறது தெரியாம பூட்ச்சி. காப்பி எட்த்தேனா, அது தானா ஒட்டிகிச்சி..."

ஊரே நின்று பார்க்கிறது, இவன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். கக்கத்தில் வைத்திருந்ததை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டி, "பாருங்க, எவ்ளோ சின்னது பாருங்க" என்று வேறு சொன்னான். யாரோ பின்னாலிருந்து, "பொண்ணு எட்த்த வூட்ட மொத்தமா அனுப்பி வச்சிட்டான்பா" என்றார்கள். எனக்கே உடம்பெல்லாம் கூசியது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அசோகன்தான் முதலில் அசைந்தார். "அட, இன்னாப்பா நிறுத்திட்டீங்க? வாசிங்க" என்று பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எங்க மாப்ள என்ன எங்கப்பாவுக்கு ஈக்குவலா வச்சிக்கீறாரு. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கிகினு. தட்ட உள்ள எட்த்துனு போங்கம்மா. ரத்னா, போ, பொடவ மாத்து." பேண்டு மறுபடி ஆரம்பித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். ரத்னா போகமாட்டேன் என்று நின்றவளைச் சித்தி இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அசோகன் எங்கள் பக்கம் வந்தார். யாரோ கத்தி கொடுக்க, டில்லிபாபு தன் பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டான். நான் என் பக்கத்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். பேனர் சரிந்து கீழே விழுந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்றார். "அன்னிக்கு டாக்டர் ஒன்னத் தனியாக் கூப்ட்டாரே. இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல மச்சான். மாத்திரதான்..."

"இந்த வேலய எப்ப பண்ண?"

"பெஞ்சுல... ஒனக்கு மருந்து ஏறிகினு இருந்தப்போ."

"டாக்டர் கூப்ட்டதுக்கு அப்பாலதானே?"

டில்லிபாபு தலையைத் தூக்கவில்லை. "டேப்புல தெரியல மச்சான். சத்தியமா. டேப்புதான்."

"டேப்பா எனக்கு வெளக்கு வச்சிச்சி?" என்று அசோகன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

பொய் ஒன்று சொல்லித் தொலையேன்டா என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவனோ பாவி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி நின்றதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"ரத்னாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினான்.

அசோகன் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷம் எல்லோரிடமும் வாயாடுகிற நான், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார் அசோகன். துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "மாமன் எங்க? மாமனக் கூப்புடுங்க, பத்தர் ரெடியாக் கீறாரு" என்று குரல் வந்தது. "தோ வந்துட்டேன்" என்று பெரிய குரலில் பதில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வாசற்படி ஏறும்போது மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பேனரைச் சுருட்டினோம். எனக்கு அடக்க முடியவில்லை. "டேப்பு டேப்புன்னு எத்தினி தபாடா சொல்வ? வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சுருட்டுவதை நிறுத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் பேனர் மேல் சொட்டியது. "டேப்பு இல்லக்கா" என்றான். "அவுரக் கீழ எறக்கி உசுரோட கீற நம்ம வரிசயில வைக்கலாம்னு ஒரு தபா தோணுச்சி. அப்பறம் வேணாம்னு அங்கயே வச்சேன். டாக்டர் சொன்னதுலேந்து என் மண்டைக்குள்ள அவுரு அந்த வரிசைக்குப் பூட்டாரு. உள்ள படுத்துனு கீறாரு, மாப்ள மாப்ளன்னு கூப்புடுறாரு, நான் வெளிய குந்திகினு அவுர அனுப்பி வச்சிட்டேன். என்ன மாதிரி ஒரு ஈனப்பய இருப்பானாக்கா?"

"எழுந்துவா, கொழந்தைக்குக் காது குத்தறாங்க" என்று மட்டும் சொல்லி, தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

உள்ளே அசோகன் மணைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் தமிழ்நிலா, மொட்டைத் தலையும் நான் தைத்த பஃப் கையுமாக. ரத்னா புடவை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அண்ணன் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தங்கச்சி, ஒங்காதா குத்தப் போறாங்க? இப்டி நடுங்குற" என்றார். அவளும் நம்பிவிட்டாள். அண்ணன் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார் என்று அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இத்தனை நாள் இவள் அவருக்குச் செய்ததை, இப்போது அவர் இவளுக்குச் செய்துகொண்டிருந்தார்.

பத்தர் காதில் மை வைத்துக் குறி பார்த்து ஊசியை இறக்கினார். குழந்தை வீல் என்று கத்தியது. கத்தின அந்தக் கணத்தில் அசோகனும் அழுதார். சாதாரண அழுகை இல்லை. தோள் குலுங்க, குழந்தையின் மொட்டைத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, அதன் சத்தத்துக்குள் தன் சத்தத்தை வைத்து அழுதார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "காது அதுக்குத்தான்பா குத்தினாங்க", "மாமனுக்கு ஒரு முட்டாய் குடுங்க" என்று கேலி பேசினார்கள். ரத்னாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டில்லிபாபு சிரிக்கவில்லை. தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடுகிறவன் மாதிரி நின்றான்.

இன்னொரு காதும் ஆயிற்று. கம்மல் போட்டார்கள். குழந்தை விக்கிக்கொண்டே மாமன் மீசையைப் பிடித்து இழுத்தது. ஜனங்கள் பந்தியைப் பார்த்து நகர ஆரம்பித்தார்கள். அசோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அங்க இன்னா பண்ற? இங்க வா. அந்த டேப்ப எடு."

இவன் தயங்கித் தயங்கி வந்தான். அதைக் கையில் எடுக்கவே அவனுக்குக் கூசியது. இருந்தாலும் எடுத்தான்.

"ஒரு போட்டோ எடு. நானும் பாப்பாவும்" என்றார் அசோகன். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார். டில்லிபாபு டேப்பைத் தூக்கிப் பிடித்தான். அது சாய்ந்து சாய்ந்து போக, நான் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

"கண்ண தொடச்சிகினு எடு மாப்ள. ஆடாம எடு" என்றார் அவர். ரத்னா பத்தருக்குத் தாம்பூலம் கொடுக்கத் திரும்பியிருந்தாள். அவள் காதில் விழாதபடிக் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த பேனர்ல நான் உம்முனு கீறேன். அடுத்த தபா இந்தப் போட்டோவப் போடு."

எங்களைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

"சரி மச்சான்" என்றான் டில்லிபாபு.